புதிய நிகழ்பட ஆட்டக் கருவியின் வெற்றியை மதிப்பிடல்

நிகழ்பட ஆட்டக் கருவி ஒன்று சந்தைக்கு வந்தவுடன் நடக்கும் விற்பனையைக் கொண்டே அதன் வெற்றி தோல்வியை முடிவு செய்யும் வழக்கம் உள்ளது. இம்முறை நம்பத்தக்கதன்று.

சோனியின் பிளேஸ்டேசன் 5 இந்தியாவில் 2021 பெப்ரவரி 2 அன்று ரூ. 49,990 விலையில் வெளியானது. அதற்கு முந்தைய மாதம் தொடங்கிய முன்பதிவு சில நிமிடங்களிலேயே முடிந்தது. கையிருப்பு தீர்ந்தது வரவேற்பை மட்டுமன்றி வரத்துக் குறைவையும் காட்டக்கூடும். வாங்கியவர் பெருங்குடி மென்பொருள் ஊழியரா, கூடுதல் விலைக்கு விற்பவரா என்பதையும் அது சொல்வதில்லை. பின்னாளில் அக்கருவி உலகளவில் நன்கு விற்றது உண்மையே. எனினும் முன்பதிவு அதற்குச் சான்றாகாது.

நின்டெண்டோவின் இரு கருவிகள் இதைத் தெளிவாக்குகின்றன. 2012 நவம்பரில் வெளியான வீ யூ, அவ்வாண்டு இறுதிக்குள் 30.6 இலட்சம் விற்றது. அடுத்த மூன்று மாதங்களில் 3.9 இலட்சமே விற்றது. 2017 இல் அதன் உற்பத்தி நின்றபோது மொத்த விற்பனை ஏறத்தாழ 1.35 கோடி மட்டுமே. மாறாக, 2011 இல் வெளியான 3டிஎஸ் தொடக்கத்தில் தளர்ந்தது. ஆறு மாதங்களுக்குள் அமெரிக்காவில் அதன் விலை 249.99 டாலரிலிருந்து 169.99 டாலராகக் குறைக்கப்பட்டது. இறுதியில் 7.5 கோடிக்கு மேல் விற்றது.

எனவே, பண்டிகைக் காலம் கழிந்த பின்னும் விற்பனை நிலைக்கிறதா, பிற நிறுவனங்கள் தொடர்ந்து ஆட்டங்களை வெளியிடுகின்றனவா என்பவையே தக்க அளவுகோல்கள். ஆட்டங்கள் வருவது நின்றால் இழப்பு, அரை இலட்சம் செலவழித்த குடும்பத்துக்கே.