சவர்க்கார நாடகமும் சந்தாப் பணமும்

அமெரிக்கத் தொலைக்காட்சியிற் பகற்பொழுதில் ஒளிபரப்பாகும் தொடர்நாடகங்களுக்கு 'சோப் ஒபரா' என்று பெயர். தமிழிற் சவர்க்கார நாடகம் எனலாம். சவர்க்காரக் கம்பனிகள் தம் சரக்கை விற்பதற்காகச் செலவு செய்து நடத்துவித்தமையால் வந்த பெயர் இது. பெயரிலேயே இகழ்ச்சி தொனிக்கிறது. இலக்கிய விமர்சகர்கள் இவற்றைக் கலையென்று கணக்கில் எடுப்பதில்லை. முற்போக்காளரோ, உழைக்கும் மக்களை மயக்கும் மருந்து என ஒரே வாக்கியத்திற் தீர்ப்புக் கூறிவிட்டு அப்பாற் செல்வதே வழக்கம். நானும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தேன். அந்தத் தீர்ப்பு பொய்யன்று. ஆனால் அது போதாது. போதாமையை எனக்கு உணர்த்திய நிகழ்ச்சி ஒன்றுண்டு.

1965 நவம்பர் 8ஆந் திகதி தொடக்கம் 'டேய்ஸ் ஒஃப் அவர் லைவ்ஸ்' என்னும் நாடகத்தை ஒளிபரப்பி வந்த என்.பி.சி. நிறுவனம், 2022 செப்டெம்பர் 12ஆந் திகதி அதனைத் தன் பகல் நிகழ்ச்சிகளிலிருந்து நீக்கி, 'பீக்கொக்' என்னும் தனது இணையவழிச் சந்தாச் சேவைக்கு மாற்றியது. நாடகம் இருந்த இடத்திற் செய்தி நிகழ்ச்சியொன்று வந்தமர்ந்தது. நாடகம் நிறுத்தப்படவில்லை, கதை தொடர்ந்தது, நடிகர்களும் தொடர்ந்தனர். கூரையில் ஓர் அன்ரனா இருந்தாற் போதும் என்ற நிலை மட்டும் போய், இணைய இணைப்பும் மாதச் சந்தாவும் உடையவரே காணலாம் என்றாயிற்று. இதனைச் சாதாரண வர்த்தக மாற்றம் என்று விட்டுவிடலாமா? ஒரு கலைக்கும், அதனை ஐம்பதாண்டுக்கு மேலாக வாழவைத்த மக்களுக்கும் இடையிலுள்ள உறவு யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி இங்கே எழுகிறது.

இக்கலையின் பிறப்பிலேயே அக்கேள்விக்கான விடையின் ஒரு பாதி உண்டு. 1930ஆம் ஆண்டு, முன்னர் ஆசிரியையாகத் தொழில் பார்த்த ஏர்னா பிலிப்ஸ் என்ற பெண்மணி, சிக்காகோவிலுள்ள டபிள்யூ.ஜி.என். வானொலி நிலையத்துக்காகப் 'பெயின்ரட் ட்றீம்ஸ்' என்ற தொடரை எழுதினார். பகலெல்லாம் வீட்டிற் தனித்து, ஊதியமின்றி உழைக்கும் பெண்களுக்காக எழுதப்பட்ட கதை அது. பின்னர் அத்தொடர் தம்முடையது என அவர் வழக்காடியபோது, அது நிலையத்துக்கே உரியது, அவர் அதன் ஊழியர் மாத்திரமே என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் சோர்ந்துவிடவில்லை. 1937இல் அவர் தொடக்கிய 'கைடிங் லைட்' 1952இல் தொலைக்காட்சிக்குச் சென்று, 2009 செப்டெம்பர் வரை, எழுபத்திரண்டு ஆண்டுகள் நடந்தது. அதன் இறுதிவரை உரிமையாளராக இருந்தது புரொக்டர் அன்ட் கம்பிள் என்னும் சவர்க்காரக் கம்பனி.

விற்பனைக்காக உண்டாக்கப்பட்ட உருவம் விற்பனையை மட்டுமே உள்ளடக்கமாகக் கொண்டிருக்கும் என்று எண்ணுவது அவசர முடிவு. 1962இல் இதே 'கைடிங் லைட்' நாடகத்தில், எழுத்தாளர் அக்னஸ் நிக்ஸன், பேர்ட் பவர் என்ற குடும்பத்தலைவிக்குக் கருப்பையிற் புற்றுநோய் காணப்படுவதாகவும், உரிய காலத்திற் பரிசோதனை செய்துகொண்டமையால் அவள் உயிர் தப்புவதாகவும் கதை அமைத்தார். கம்பனியும் ஒளிபரப்பாளரும் இதற்கு இணங்கினர். ஆனால் புற்றுநோய், கருப்பை என்ற சொற்களையே உச்சரிக்கக் கூடாது என்பது நிபந்தனை! நோயின் பெயரைச் சொல்லாமலே நோயைப் பற்றிச் சொல்லி முடித்தார் நிக்ஸன். கேட்டுக்கொண்டிருந்த பெண்களுக்கு அது விளங்காமலில்லை. மரியாதைக்குரிய நாவல்கள் பல அந்நாளிற் தொடத் தயங்கிய விடயம் இது.

இனி, இரசிகர்களின் விவாதத்துக்கு வருவோம். இந்த நாடகங்களைப் பார்ப்பவர் அதனோடு நிற்பதில்லை. கதையைப் பற்றி வாதிடுவர். நிலையங்களுக்குக் கடிதம் எழுதுவர். 1975இல் தொடங்கிய 'சோப் ஒபரா டைஜஸ்ட்' போன்ற சஞ்சிகைகளிற் கட்சி பிரிந்து மோதுவர். இதனை வம்பளப்பு என்று ஒதுக்குவது எளிது. வாதத்தின் பொருளை நோக்கினால் வேறு தோன்றும்.

1979இல் 'ஜெனரல் ஹொஸ்பிட்டல்' நாடகத்தில் லூக் என்பவன் லோரா என்னும் இளம்பெண்ணைப் பலாத்காரம் செய்கிறான். அந்தப் பாத்திரங்கள் இரண்டும் மக்களைக் கவர்ந்துவிட்டதைக் கண்ட தயாரிப்பாளர், நடந்தது பலாத்காரமன்று, ஒருவகைக் காதல் வேகமே என்று கதையைத் திருப்பி, அவனையே நாயகனாக்கி, 1981 நவம்பரில் இருவருக்கும் மணமுடித்து வைத்தனர். அத்திருமணத்தை ஏறத்தாழ 3 கோடி பேர் பார்த்தனர். பகல் நாடகத்துக்கு அத்தகைய கூட்டம் அதற்கு முன்னும் சேரவில்லை, பின்னும் சேரவில்லை. இவ்வளவோடு கட்டுரையை நிறுத்தினால் மயக்க மருந்துத் தீர்ப்பே வெற்றி பெறும். ஆனால் பார்வையாளர் நிறுத்தவில்லை. நடந்தது என்ன, அதற்கு என்ன பெயர், அதனை மன்னித்த கதையை நாம் எவ்வாறு இரசித்தோம் என்ற வாதம் ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்தது. 1998இல் நாடகமே அவ்விடயத்துக்குத் திரும்பவேண்டி வந்தது. அத்தம்பதியின் மகன் உண்மையை அறிந்து தந்தையை எதிர்கொள்ளும் காட்சிகள் எழுதப்பட்டன. இருபதாண்டுக்கு முன் தான் சொன்ன பொய்யைத் தானே திறந்து பார்க்கும்படி ஒரு கதை கட்டாயப்படுத்தப்படுவது நாவலில் நிகழக்கூடியதன்று. நாவலாசிரியன் நூலை முடித்துவிட்டுப் போய்விடுகிறான். இங்கே கதை முடிவதில்லை. ஆகவே கணக்கும் தீர்வதில்லை.

இன்னோர் உதாரணம் இதைவிடக் கூர்மையானது. 1973இல், கருக்கலைப்பு உரிமையை அமெரிக்க உயர் நீதிமன்றம் ஏற்றுச் சில மாதங்களுக்குள், 'ஓல் மை சில்ட்ரன்' நாடகத்தின் எரிக்கா கேன் சட்டபூர்வமாகக் கருக்கலைப்புச் செய்துகொண்டாள். நோயினாலன்று, வறுமையினாலன்று, தன் தொழிலைத் தொடர வேண்டும் என்ற சொந்த விருப்பினால். முப்பதாண்டுகளுக்குப் பின், 2005க்கும் 2006க்கும் இடையில், வேறோர் எழுத்தாளர் குழு அதனை அழித்தது. அந்த வைத்தியர் கருவைக் கலைக்கவில்லையாம். எடுத்துத் தம் மனைவியின் வயிற்றில் வைத்தாராம். அப்பிள்ளை வளர்ந்து இளைஞனாகி வந்து நிற்கிறானாம்! இரசிகர்கள் சினந்தனர். அவர்கள் வைத்தியத்தின் அசாத்தியத்தை மட்டுமா எடுத்துக்காட்டினர்? ஒரு பெண் தன் வாழ்வைப் பற்றித் தானே எடுத்த முடிவை, அவளுக்கும் தெரியாமல், பின்னோக்கிச் சென்று பறித்துவிட்டீர்கள் என்றனர். பல்கலைக்கழகப் பயிற்சி இல்லாதவரும் செய்த இந்த விமர்சனத்தில், உருவத்தையும் உள்ளடக்கத்தையும் பிரித்துப் பாராத தெளிவு இருக்கிறது. கதை தன் பழைய உண்மைக்குத் துரோகம் செய்தது என்பது கலைக்குற்றமும் ஆகும். சமுதாயக் குற்றமும் ஆகும்.

எல்லா வாதமும் இத்தரத்தது என்று நான் கூற வரவில்லை. எந்தச் சோடி சேரவேண்டும் என்ற சில்லறைச் சண்டைகளே மிகுதி. ஆயினும் அபத்தமான கதைகளிலுங்கூட இரசிகரின் கோபத்துக்கு ஒரு நியாயம் இருப்பதைக் காணலாம். 2003–2004இல் 'டேய்ஸ்' நாடகத்திற் பழைய பாத்திரங்கள் பலர் ஒருவர்பின் ஒருவராகக் கொல்லப்பட்டனர். பின்னர் அனைவரும் ஒரு தீவில் உயிரோடு இருப்பதாகக் காட்டினர். நகரத்தின் பெயர் சேலம். 'நியூ சேலம்' என்பதைத் தலைகீழாக எழுதித் தீவுக்கு மெலாஸ்வென் என்று பெயரிட்டனர். சிறுபிள்ளை விளையாட்டு! பலரைச் சினமூட்டியது நம்பமுடியாமை அன்று. இறந்தோர் மீள்வது இவ்வுலகில் வழக்கமே. தாம் உண்மையாகப் பட்ட துக்கத்தை எழுத்தாளர் கேலிப்பொருளாக்கிவிட்டனர் என்பதே அவர்கள் குறை.

இவ்வளவு கூர்மையான விமர்சனத்துக்கு ஆற்றல் எவ்வளவு? இங்கேதான் ஏமாற்றம். 'டேய்ஸ்' நாடகம் அண்மைக் காலத்தில் ஒளிபரப்புக்கு ஏழெட்டு மாதங்களுக்கு முன்னரே பதிவுசெய்யப்பட்டு விடுகிறது. இரசிகர் இன்று ஆட்சேபித்தால், அதற்கான விடை வரும்போது ஆட்சேபித்ததையே மறந்திருப்பர். கதையின்மீது அவர்களுக்கிருந்த செல்வாக்கு அவ்வாறு குன்றியதென்றால், கதை எங்கே, யாருக்குக் காட்டப்படும் என்பதில் அவர்களுக்கு என்றுமே குரல் இருந்ததில்லை. 2011இல் ஏ.பி.சி. நிறுவனம் 'ஓல் மை சில்ட்ரன்', 'வன் லைஃப் ரு லிவ்' ஆகிய இரண்டையும் நிறுத்தப்போவதாக அறிவித்தபோது இரசிகர் கிளர்ந்தெழுந்தனர். தூசி உறிஞ்சும் பொறிகளைச் செய்யும் ஹூவர் கம்பனி, அவர்களுக்கு ஆதரவாக ஏ.பி.சி.யிலிருந்து தன் விளம்பரங்களை விலக்கிக்கொண்டது. மக்களின் முறையீட்டை வெளிப்படையாகச் செவிமடுத்தது, அவர்களிடம் சரக்கு விற்கும் ஒரு கம்பனி! நாடகங்கள் நிறுத்தப்படத்தான் செய்தன. 2013 ஏப்ரலில் ப்றொஸ்பெக்ற் பார்க் என்ற நிறுவனம் இரண்டையும் இணையத்தில் மீட்டெடுத்தது. ஊதியம் பற்றித் தொழிற்சங்கத்தோடு தகராறு ஏற்பட்டது. அவ்வாண்டு முடியுமுன் முயற்சி சரிந்தது.

பீக்கொக்கின் கதை அவ்வாறு சரியவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நாடகம் பிழைத்தது. பார்வையாளரிற் பெருந்தொகையினர் ஏற்கெனவே இணையவழி பார்ப்பவரே என்று என்.பி.சி. காரணம் காட்டியது. அதிலும் உண்மை உண்டு. பெண்கள் வேலைத்தலங்களுக்குச் சென்றபின் பகல் ஒரு மணிக்குத் தொலைக்காட்சிமுன் அமர யாரால் முடியும்? இரவு வேலை முடிந்து வரும் தாதி தனக்கு வசதியான வேளையிற் பார்க்க முடிவது நன்மையே. இதனை மறுப்பவர் பழமையிற் கொண்ட பாசத்தை முற்போக்கு என்று மயங்குபவர்.

ஆனால் எஞ்சியோர் யார்? வயோதிபர், இணையம் எட்டாத நாட்டுப்புறத்தவர், அளந்து செலவு செய்யும் ஓய்வூதியக்காரர். தாய் பார்க்க மடியிலிருந்து பார்த்த மகள், பின்னர் தன் மகளோடு பார்த்த நாடகம் இது. புதிய கதையில் ஒருவன் பொய் சொன்னால், 'இல்லை, முன்னொரு முறை இப்படி நடந்ததே' என்று நினைவூட்டக்கூடியவர் அந்த மூத்த பார்வையாளரே. எழுத்தாளர் மாறுவர், தயாரிப்பாளர் மாறுவர். கதையின் ஞாபகம் அவர்களிடமே இருந்தது. மாற்றத்தினால் முதலில் வெளியே விடப்பட்டவரும் அவர்களே.

வேறொரு மாற்றமும் நிகழ்ந்தது. அதனை இரசிகரும் போதிய அளவு பேசியதாகத் தெரியவில்லை. முன்னர் பார்வையாளர் பணம் கொடுக்கவில்லை, விளம்பரம் பார்த்தார்கள். அதாவது, அவர்களின் கவனமே சவர்க்காரக் கம்பனிக்கு விற்கப்பட்ட சரக்கு. அநீதியான பேரம்தான், எனினும் ஏழைக்கும் கவனம் உண்டாகையால், ஏழையும் அப்பேரத்திற் பங்குகொள்ள முடிந்தது. 2022இற் பீக்கொக்கின் சந்தா மாதம் 4.99 டொலர், 2025 ஜூலையில் 10.99 டொலர். இந்தத் தொகைக்குக் கிடைப்பதும் விளம்பரத்தோடு கூடிய சேவையே! காசும் கொடுத்துக் கவனத்தையும் கொடுக்க வேண்டும் என்றாகிவிட்டது. பழைய பேரத்தை ஒழித்துப் புதியது வந்ததென்று சிலர் கூறுகின்றனர். பழையதன்மேற் புதியதைச் சுமத்தினர் என்பதே சரி.

சவர்க்காரக் கம்பனியின் கதையும் முடிந்துவிடவில்லை. 2025 பெப்ரவரி 24ஆந் திகதி, கறுப்பினச் செல்வக் குடும்பமொன்றை மையமாகக் கொண்ட 'பியொண்ட் த கேற்ஸ்' என்ற புதிய பகல் நாடகத்தை சி.பி.எஸ். தொடக்கியது. அதன் தயாரிப்பில் புரொக்டர் அன்ட் கம்பிளுக்கும் பங்குண்டு. அன்ரனா வைத்திருப்பவர் இலவசமாகப் பார்க்கலாம். வழக்குத் தீர்ந்ததென்று இருந்தவர்களுக்கு இது ஒரு விசித்திரமான மேன்முறையீடு.

'டேய்ஸ்' நாடகத்தில் 1970 முதல் டக் வில்லியம்ஸாக நடித்துவந்த பில் ஹேய்ஸ் 2024 ஜனவரியில், தமது 98ஆம் வயதிற் காலமானார். முன்னரே பதிவான பகுதிகளில் அவர் இறந்த பின்னரும் சில மாதங்கள் உயிரோடு நடமாடினார். டக்கின் மரணமும் இறுதிச் சடங்கும் அவ்வாண்டு டிசெம்பரிலேதான் வெளியாயின. அவருடைய மனைவி ஜூலியாகத் திரையில் அழுத சூசன் சீஃபோர்த் ஹேய்ஸ் மெய்வாழ்விலும் அவருடைய மனைவி. அவர்கள் நாடகத்தில் மணந்ததை 1976இல் என்.பி.சி.யில், பகல் வேளையில், காசு கொடாமற் பார்த்தவர்கள் அநேகர். சடங்கைப் பார்க்கச் சந்தா வேண்டியிருந்தது.