கவலையும் கவர்வழியும்

விவிலியத்துள் கவலை நீங்கும் நெறியைக் கூறும் பகுதிகள் பலவற்றுள்ளும் தலையாயது மத்தேயு நற்செய்தி 6ஆம் அதிகாரத்தின் இறுதிப் பகுதியாகும் (25-34). மலைப்பொழிவின் ஒரு கூறாகிய இதனைச் சோம்பலுக்கு இடந்தரும் உரை என்று குறை கூறுவார் உளர். துயருற்றுக் கலங்குவோரை நம்பிக்கையற்றோர் என்று இடித்துரைக்க இதனைக் கருவியாகக் கொள்வாரும் உளர். இவ்விரு கருத்தும் பொருந்துமா என்பதைச் சொல்லையும் சொற்கிடக்கையையும் துணையாகக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

பவர் ஐயர் தலைமையில் உருவாகி 1871ஆம் ஆண்டு வெளிவந்த விவிலியத்தை அடியொற்றி இன்றும் திருச்சபைகளில் வழங்குவது பழைய திருப்புதல். அதில் இப்பகுதி ‘ஆகையால்’ என்னும் சொல்லோடு தொடங்குகின்றது. முன்னுள்ள ஒன்றன் முடிவாகவே இவ்வறிவுரை வருகின்றது என்பதை அச்சொல் காட்டும். முன்னுள்ளதோ, ஒருவன் இரு தலைவர்க்கு ஊழியம் செய்தல் இயலாது என்பது (24). பலர் 25ஆம் வசனத்தினின்றே படிக்கத் தொடங்குதலின் இவ்வியைபு மறைந்துபோகின்றது. இயேசு பெருமான் முதற்கண் எடுத்துக்கொண்டது அச்சமன்று, மனம் இரண்டுபடுதலே. அதன் விளைவாகவே கவலை பேசப்படுகின்றது.

இக்கருத்தைத் தாங்குதற்குத் தமிழ்ச்சொல் வியத்தகு முறையில் அமைந்துள்ளது. சங்கப் பாலைப் பாடல்களில் ‘கவலை’ என்பது கிளைத்துப் பிரியும் வழியைக் குறிக்கும். கவை, கவர், கவடு என்பன அதன் இனச்சொற்கள். எவ்வழி செல்வது எனத் தெளியாது வழிப்போக்கன் தயங்கி நிற்கும் இடம் அது. சிலப்பதிகாரக் காடுகாண் காதையில், மதுரைக்குச் செல்லும் நெறி கொடும்பாளூர்ப் பகுதியை அடைந்தபின் சூலம்போல் மூன்றாகப் பிரிவதாக மறையவன் கூறுவதும் இத்தகைய இடமே. வழியைக் குறிக்கும் கவலையும் மனத்துயரைக் குறிக்கும் கவலையும் ஒரே வேரினவா என்பது மொழிநூலார் ஆராய்தற்குரியது. எனினும், பொருள் விளக்கத்திற்கு இவ்வொப்புமை பெரிதும் உதவும் என்பதில் ஐயமில்லை.

கிரேக்க மூலத்திலும் இதனையொத்த நிலையைக் காண்கின்றோம். அங்குள்ள ‘மெரிம்னா’ என்னும் சொல்லைப் பகுத்தலைக் குறிக்கும் வேரோடு இணைப்பர் சிலர். அது முடிந்த முடிபன்று. ஆயினும், கொரிந்தியர்க்கு எழுதிய முதல் திருமுகத்தின் 7ஆம் அதிகாரத்தில், மணமானவனின் கவலையைக் கூறும் பவுலடிகள், ‘பிளவுபட்டிருக்கிறான்’ எனப் பொருள்படும் சொல்லை அதனருகே வைக்கின்றார். இது இன்று அறிஞர் பலரும் ஏற்கும் பாடம். பழைய திருப்புதலோ அச்சொல்லை மனைவிக்கும் கன்னிகைக்கும் உள்ள ‘வித்தியாசம்’ எனக் கொண்டது. இதனால் மூலத்தின் சொல்லியைபு தமிழில் மறைந்தது. கவர்வழியைச் சுட்டும் சொல்லையே கையில் வைத்திருந்தும், அது பயன்பட்டிருக்கக்கூடிய இடத்தில் மொழிபெயர்ப்பு அதனைப் பயன்கொள்ளவில்லை என்க.

இனி, சோம்பல் என்னும் குற்றச்சாட்டு. 1611ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பு இவ்விடத்தில் ‘எண்ணுதல்’ எனப் பிற்காலத்தார் கொள்ளத்தக்க ஒரு சொல்லை ஆண்டது. அக்காலத்தில் அதற்கு ஏங்குதல் என்ற பொருளும் இருந்தது. அப்பொருள் வழக்கொழியவே, எதிர்கால நினைவே தகாது என்பதுபோன்ற மயக்கம் தோன்றிற்று. தமிழில் ‘கவலைப்படுதல்’ என வருதலின் அம்மயக்கத்திற்கு இடமில்லை. பறவைகள் விதைப்பதில்லை என்பது உவமையே. மனிதர் விதைத்தலாகாது என்னும் விலக்கன்று. இரை தேடிப் பறத்தலை எப்பறவையும் ஒழிந்ததில்லை.

கவலையுறுவோரை இடித்துரைப்பார்க்கும் விடை பவுலடிகள் வாழ்விலேயே உண்டு. எல்லாச் சபைகளையும் பற்றிய கவலை நாள்தோறும் தம்மை நெருக்குவதாக அவர் கொரிந்தியர்க்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தில் கூறுகின்றார் (11:28). மூலத்தில் அங்கும் ‘மெரிம்னா’ என்பதே சொல். பிலிப்பியர்க்கு எழுதிய திருமுகத்தில் தீமோத்தேயுவின் பரிவைப் புகழ்தற்கும் (2:20) அதன் வினைவடிவையே ஆள்கின்றார். அங்குத் தமிழ் ‘விசாரித்தல்’ எனத் தக்கவாறு வேறுபடுத்தியது. எனவே, பிறர்பொருட்டு நெஞ்சு நோதல் நம்பிக்கைக் குறைவாகாது.

மனக்கவலை நீங்குதலை இறைவன் தாளோடு இணைத்து வள்ளுவரும் 7ஆம் குறளில் கூறினார். அங்கே ஒப்பற்றவனைச் சேர்தல் முதன்மை பெறுகின்றது. இங்கே தந்தையாகிய கடவுள் நம் தேவையை முன்னரே அறிந்திருக்கின்றார் என்பது முதன்மை பெறுகின்றது (32). அவ்வறிவில் ஊன்றி நின்று, முதலில் தேடற்குரியது ஒன்றே எனத் தெளியும்போது (33) கவர்வழி ஒருவழியாகின்றது. ஆயினும் வழி மேடுபள்ளமின்றி இருக்கும் என இயேசு பெருமான் உறுதி கூறினாரல்லர். அந்தந்த நாளுக்குரிய ‘பாடு’ உண்டு என்றே அப்பகுதி முடிகின்றது (34). பாடு எஞ்சும், பிளவு நீங்கும் என்பதே இதன் கருத்து. துயருற்றார்க்கு இதனை எடுத்துரைப்போர் இவ்வேறுபாட்டை உணர்ந்து உரைத்தல் வேண்டும்.