பத்து அரிசி

2009இல் எங்கள் கல்லூரி கம்ப்யூட்டர் லேபில் பாடத்தைத் தவிர எல்லாம் நடக்கும். எனக்கு வாய்த்தது ஃப்ரீரைஸ். திரையில் ஓர் ஆங்கிலச் சொல், அதன் கீழே நான்கு பொருள்கள். சரியானதைச் சொடுக்கினால் மரக் கிண்ணத்தில் பத்து அரிசி விழும். அந்த அரிசி ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் வழியாகப் பசித்தவர்களுக்குப் போகும் என்பது வாக்குறுதி. பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியத்தில் படித்தவன் நான். ஆங்கிலமும் வரும், புண்ணியமும் வரும் என்றால் விடுவேனா?

லீவுக்கு பிரம்மதேசம் போனபோது ஆயாவிடம் பெருமையாகச் சொன்னேன். முறத்தில் ரேஷன் அரிசியைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். "பத்து அரிசியா? கோழிக்கே பத்தாதேடா" என்றார். சிரித்துவிட்டு வந்துவிட்டேன். கணக்குப் போட்டுப் பார்க்க எனக்குப் பல வருஷம் ஆனது.

உலக உணவுத் திட்டத்தின் கணக்கில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 400 கிராம் அரிசி. கிராமுக்கு 48 மணி வீதம் 19,200 மணி. அதாவது 1,920 சரியான விடைகள். விடைக்கு ஐந்து நொடி என்று வைத்தாலும் இரண்டு மணி நாற்பது நிமிடம், ஒரு தப்புகூட இல்லாமல். ஒரு கிலோவுக்கு 4,800 விடைகள். அப்போது, 2008 செப்டம்பரிலிருந்து, எங்கள் ரேஷன் கடையில் அதே ஒரு கிலோ ஒரு ரூபாயாக இருந்தது. அரசு மானியம் கொடுத்த அரிசியைத் தின்று வளர்ந்த பையன், லேபில் உட்கார்ந்து உலகத்துக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தான்.

அளவு சின்னது என்பது என் புகார் இல்லை. சிறு துளி பெருவெள்ளம் ஆகும்தான். அந்தத் துளி யாருடையது என்பதுதான் கேள்வி.

இதை உருவாக்கியவர் ஜான் ப்ரீன் என்ற அமெரிக்க நிரலாளர். 1999இல் பொத்தானை அழுத்தினால் உணவு போகும் 'தி ஹங்கர் சைட்' தளத்தைத் தொடங்கியவரும் அவரே. ஃப்ரீரைஸ் 2007 அக்டோபரில் வந்தது. அவர் மகன் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குச் சொற்கள் படித்துக்கொண்டிருந்ததுதான் தூண்டுதல். முதல் நாள் சேர்ந்தது 830 மணி. 2009 மார்ச்சில் தளத்தை உலக உணவுத் திட்டத்துக்கே கொடுத்துவிட்டார். இதில் மோசடி எதுவும் இல்லை. அதனால்தான் பேசத் தகுந்ததாகிறது.

பணம் வந்தது கேள்விக்குக் கீழே தெரிந்த விளம்பரத்திலிருந்து. என் தொழில் கண்ணோடு பார்த்தால் கட்டமைப்பு எளிது. தப்பான விடை சொன்னாலும் விளம்பரம் திரையில் நிற்கத்தான் செய்கிறது. ஆனால் கிண்ணத்தில் அரிசி விழாது. மறுபக்கம், தானாக விடை சொல்லும் ஒரு நிரலை ஒரே சாயங்காலத்தில் எழுதிவிடலாம். கிண்ணம் நிரம்பும், விளம்பரத்தை எந்தக் கண்ணும் பார்த்திருக்காது. ஆக, என் அறிவுக்கும் அந்த அரிசிக்கும் இயற்கையான உறவு எதுவும் இல்லை. விளையாட்டின் விதி கட்டிவைத்த முடிச்சு அது. விற்றது என் கண், வாங்கியது விளம்பரதாரர், கொடுத்த பெருமை மட்டும் எனக்கு.

எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர் எண்ணாயிரம். அங்கே ராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, 340 மாணவர்களும் 14 ஆசிரியர்களும் இருந்த ஒரு கல்லூரியைப் பற்றிச் சொல்கிறது. இளநிலை மாணவர் 270 பேருக்கு ஆளுக்குத் தினம் ஆறு நாழி நெல். இலக்கணம், மீமாம்சை, வேதாந்தம் படித்த முதுநிலை மாணவர் 70 பேருக்கு ஆளுக்கு ஒரு குறுணி இரண்டு நாழி. சொல்லைப் படித்தால் நெல். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஃப்ரீரைஸ் என்று நண்பர்களிடம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

யோசித்தால் வேடிக்கை நிற்காது. அங்கே படித்தவனுக்கே நெல். யார் கொடுக்கிறார், யார் வாங்குகிறார், எத்தனை நாழி என்பதெல்லாம் கல்லில் இருக்கிறது. அது வேதம் ஓதுபவர்களுக்கான கல்லூரி. அந்த நெல்லை விளைவித்தவர்களின் பிள்ளைகள் 340 பேரில் இருந்திருக்க வாய்ப்பில்லை. அந்தக் கணக்கு நியாயமானது என்று நான் சொல்ல வரவில்லை. அநியாயம் எங்கே என்றுகூட அதைப் படித்தே விரல் வைத்துக் காட்டலாம். ஃப்ரீரைஸின் கிண்ணத்தில் அப்படி விரல் வைக்க ஓர் இடம் இல்லை. அதில் தெரிவது நானும் அரிசியும் மட்டுமே.

ஆயா உலை வைக்கும்போது அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார். பிடி அரிசி. கோயில் கூழுக்கோ கேட்டு வந்தவருக்கோ அது போகும். அந்தப் பிடி எடுத்த நாளில் எங்கள் சோறு அந்தளவு குறையும். ஃப்ரீரைஸில் எனக்கு எதுவும் குறையவில்லை, சொற்கள் கூடின. கேம்பஸ் இன்டர்வியூவில் அவை உதவின, வேலை கிடைத்தது. நேர்மையாகச் சொன்னால் அந்த ஆட்டத்தின் பயனாளி நான்தான்.

வாங்குபவருக்கு இதெல்லாம் முக்கியமா என்று கேட்கலாம். இல்லை. பசித்தவருக்கு விளம்பரக்காரர் அரிசியும் ஆயா அரிசியும் ஒன்றுதான். அதனால் தளத்தை மூடச் சொல்லவில்லை. அதைக் கொடை என்று சொல்லிப் பிள்ளைகளுக்குப் பழக்கவேண்டாம், படிப்பு என்று சொல்லுங்கள் என்கிறேன். சொடுக்கியே கொடுத்துப் பழகிய கைக்கு, உலைப்பானையிலிருந்து ஒரு பிடி எடுப்பது கஷ்டமாகிவிடும். என் கையைப் பற்றி எனக்கு அந்தச் சந்தேகம் உண்டு.

போன பொங்கலுக்கு அக்கா மகளுக்கு ஃப்ரீரைஸைக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஆடிவிட்டு, "மாமா, நம்ம அரிசி யாருக்குப் போவும்?" என்றாள்.

"அது நம்ம அரிசி இல்ல பாப்பா. வேற ஒருத்தங்க காசு."

"அப்ப நம்ம அரிசி?"

ஆயாவின் பானை பரண்மேல் இருக்கிறது. காலியாக.