ஓடிபி ‘வருகிறதா’, உருவாகிறதா? மூன்று சொற்களைப் பற்றி ஒரு திறனாய்வு

தொழில்நுட்பம் பற்றிய கட்டுரைகளில் இந்த மாதிரி வாக்கியத்தைப் பார்த்திருப்பீர்கள்: “கைப்பேசிக்கு இணையம் வழியாக ஓடிபி வரும், அதைத் தட்டச்சு செய்தால் இருபடி அங்கீகாரம் முடிந்துவிடும்.” எழுத்துப்பிழை இல்லை, சந்திப்பிழை இல்லை. சிவப்பு மையைத் தொடாமலே அடுத்த பக்கம் போய்விடலாம். ஆனால் பொருளைக் கவனித்தால், மூன்று சொற்கள் இடறுகின்றன.

முதலில் ‘வரும்’ என்ற வினை. குறுஞ்செய்தியில் எண் வருவது உண்மைதான். அதுகூட இணையம் வழியாக வருவதில்லை, தொலைபேசி வலையமைப்பு வழியாக வருகிறது. ஆனால் சிங்கப்பூரில் 2021 வரை பயன்பாட்டில் இருந்த ஒன்கீ கருவியை நினைத்துப் பாருங்க. அதில் சிம் அட்டையும் இல்லை, இணையமும் இல்லை. ஆனாலும் சிறு திரையில் எண் தெரியும். எங்கிருந்து வந்தது? எங்கிருந்தும் வரவில்லை, அங்கேயே கணக்கிடப்பட்டது.

இன்றைய ஆத்தென்டிகேட்டர் செயலிகளும் இப்படித்தான். அவை பின்பற்றும் டிஓடிபி முறை 2011இல் ஆர்எஃப்சி 6238 என்ற ஆவணமாக வெளியானது. தொடக்கத்தில் ஒரே ஒருமுறை, சேவையகமும் கைப்பேசியும் ஓர் இரகசியக் குறியீட்டைப் பகிர்ந்துகொள்ளும். அதன்பிறகு, அந்தக் குறியீட்டையும் அப்போதைய நேரத்தையும் சேர்த்து இரண்டும் தனித்தனியாகக் கணக்குப் போடும். பொதுவாக 30 விநாடிக்கு ஒரு புதிய 6 இலக்க எண். வெவ்வேறு அறையில் இருக்கும் இரு மாணவர்கள், ஒரே சூத்திரத்தையும் ஒரே கடிகார நேரத்தையும் வைத்துக் கணக்குப் போட்டால் விடை ஒன்றாகத்தானே இருக்கும்? கடிகாரம் அதிகம் பிசகினால் மட்டும் விடை பொருந்தாது. ஆகவே இங்குச் சரியான வினை ‘உருவாகும்’.

இரண்டாவது சொல் ‘படி’. கடவுச்சொல் கேட்டு, அடுத்ததாகப் பிறந்த ஊரைக் கேட்டால் அதுவும் இரண்டு படிதான். ஆனால் இரண்டுமே மனத்தில் இருக்கும் செய்தி. திருடனுக்கு ஒன்று தெரிந்தால் மற்றதும் தெரியக்கூடும். முறையின் உயிர் எண்ணிக்கையில் இல்லை, வகையில் இருக்கிறது: நமக்குத் தெரிந்தது, நம் கையில் உள்ளது, நம் உடலுக்கே உரியது. இவற்றில் இரு வேறு வகை வேண்டும். சிலர் ‘இருகாரணி’ என்கிறார்கள். அது கருத்துக்கு நெருக்கம்தான், ஆனாலும் ‘காரணம்’ என்ற பொருளே மாணவர் காதில் முதலில் விழுகிறது. ‘இருசான்று’ என்றால் விளக்கமே தேவைப்படாது.

மூன்றாவது ‘அங்கீகாரம்’. அது ஒன்றை ஏற்று ஒப்புதல் தருவது. தேர்வுக்கூடத்தில் உங்கள் அடையாள அட்டையைப் பார்த்து ‘நீங்கள்தான் இவர்’ என்று உறுதிசெய்வது ஒன்று. அகராதியை உள்ளே கொண்டுபோக விடுவது வேறொன்று. இங்கு நடப்பது முதலாவது. எனவே ‘உறுதிப்பாடு’ என்பதே பொருந்தும்.

சொல்லில் இவ்வளவு நுணுக்கம் தேவையா என்று கேட்கலாம். தேவை, ஏன்னா வீட்டில் தாத்தா பாட்டிக்கு இதை விளக்கப்போவது நம் மாணவர்கள்தான். ‘இணையமே இல்லாத கருவி, அதனால் ஆபத்தே இல்லை’ என்று அவர்கள் நம்பிவிடக் கூடாது. கருவிக்குள் இணையம் வழியாக நுழைய முடியாமல் இருக்கலாம். ஆனால் திரையில் தெரியும் எண்ணை நாமே மோசடிக்காரரிடம் வாசித்துக் காட்டினால், அது காலாவதியாகும்முன் அவர் பயன்படுத்திவிடலாம். போலி இணையப்பக்கத்தில் தட்டினாலும் அதே கதைதான். இத்தகைய மோசடிகளைத் தடுக்கவே, மின்னிலக்க டோக்கன் வைத்திருப்போர் வங்கிக் கணக்கில் நுழைய ஓடிபி பயன்படுத்துவதைப் படிப்படியாக நிறுத்தப்போவதாகச் சிங்கப்பூரில் 2024 ஜூலையில் அறிவிக்கப்பட்டது. எண் உருவாகும் இடம் பாதுகாப்பாக இருந்தால் போதாது, அது போய்ச் சேரும் இடமும் சரியாக இருக்கணும்.

இனி அந்த வாக்கியத்தை இப்படித் திருத்திப் பாருங்கள்: “கருவி இணையமின்றியே ஒருமுறைக் கடவுச்சொல்லை உருவாக்கும், நமக்குத் தெரிந்த கடவுச்சொல்லோடு அதையும் தந்தால் இருசான்று உறுதிப்பாடு நிறைவுபெறும்.” சில சொற்கள்தான் கூடின, தவறான கருத்து போய்விட்டது. ஆசிரியர்களே, வகுப்பில் ஒரு கைப்பேசியை விமானப் பயன்முறைக்கு மாற்றி, ஆத்தென்டிகேட்டர் செயலியில் எண் மாறிக்கொண்டே இருப்பதைக் காட்டுங்கள். பிறகு அந்தக் காட்சியை ஐந்து வரியில் எழுதச் சொல்லுங்கள். ‘வரும்’ என்ற வினையை மட்டும் தடை செய்துவிடுங்கள்.