ஹீரோ கதையில் காணாமல் போன பட்ஜெட்

மைக்கேல் லூயிஸ் 2021-ல் எழுதிய ‘தி பிரிமொனிஷன்’ புத்தகத்தைக் கையில் எடுத்தா கீழே வைக்க முடியாது. அதை முதலிலேயே சொல்லிடறேன். கொரோனாவுக்கு முன்னாடியே ஆபத்தை உணர்ந்த சிலரைப் பற்றிய கதை. அதில் முக்கியமானவர் சாரிட்டி டீன், கலிஃபோர்னியாவின் சான்டா பார்பரா கவுன்டியில் சுகாதார அதிகாரியாக இருந்த டாக்டர். காசநோயில் இறந்த ஒருவரின் உடலைப் பரிசோதனை செய்ய மற்றவர்கள் தயங்க, தோட்டக் கத்தரியை வைத்துத் தானே அதைச் செய்கிறார். சினிமாவுக்கென்றே எழுதின மாதிரி காட்சி.

புத்தகத்தின் வாதம் இதுதான்: விஷயம் தெரிந்தவர் அதிகார ஏணியில் ஆறு படி கீழே இருக்கிறார், மேலே இருப்பவர்களுக்குத் துணிச்சல் இல்லை. இதில் பாதி உண்மை. மீதிப் பாதியில்தான் எனக்குச் சிக்கல்.

கவுன்டியை நம்ம ஊர் மாவட்டம் மாதிரி நினைச்சா குழப்பம் வரும். இங்கே மாவட்டச் சுகாதார அதிகாரி மாநில அரசின் ஊழியர். கலிஃபோர்னியாவில் அவரை நியமிப்பது கவுன்டியின் சூப்பர்வைசர்கள் போர்டு. பெரும்பாலான கவுன்டிகளில் தேர்தலில் ஜெயித்து வந்த ஐந்து பேர். பட்ஜெட்டுக்குக் கையெழுத்துப் போடுவதும் அவர்கள்தான்.

சட்டம் அந்த அதிகாரிக்குக் கொடுக்கும் பலம் சாதாரணமானதல்ல. 2020 மார்ச் 16 அன்று சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தின் ஆறு கவுன்டிகளின் சுகாதார அதிகாரிகள் சேர்ந்து, அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களை வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள். மாநில ஆளுநரின் உத்தரவே அதுக்கு மூணு நாள் கழிச்சுத்தான் வந்தது.

அதே அதிகாரியின் வேலை போவதற்கு மூன்று ஓட்டு போதும். ஷாஸ்டா கவுன்டியில் 2022 பிப்ரவரியில் ஒரு சூப்பர்வைசரை மக்கள் திரும்ப அழைத்தார்கள், போர்டின் பெரும்பான்மை மாறியது. மே மாதம் 3-2 ஓட்டில் சுகாதார அதிகாரி நீக்கப்பட்டார். ஆரஞ்சு கவுன்டியில் முகக்கவச உத்தரவு போட்ட அதிகாரி, மிரட்டல்களுக்குப் பிறகு 2020 ஜூனில் தானே விலகினார். இவர்களுக்குத் துணிச்சல் இல்லைன்னு யார் சொல்ல முடியும்?

அடுத்தது பணம். புத்தகத்திலேயே அருமையான ஒரு பகுதி இருக்கு. சான் பிரான்சிஸ்கோவில் ஜோ டெரிசியின் ஆய்வகம் கொரோனா பரிசோதனையை இலவசமாகச் செய்து தர முன்வருகிறது. ஆனால் வாங்கிக்கொள்ளத் திணறுகிறார்கள். மாதிரி எடுக்கும் குச்சி இல்லை. முடிவுகளை ஃபேக்ஸில் அனுப்ப வேண்டியிருக்கிறது. ஒரு மருத்துவமனைக் கம்ப்யூட்டர், விலை ‘பூஜ்யம்’ என்றால் ஏற்கவே மறுக்கிறது. சாஃப்ட்வேர்காரனான எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் கோபம் வந்தது. லூயிஸ் இதை அதிகாரவர்க்கத்தின் கிறுக்குத்தனமாகக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார். அந்த ஃபேக்ஸ் மெஷினை மாற்ற ஏன் காசில்லை என்று தோண்டுவதில்லை.

தோண்டினால் 1978-க்குப் போகணும். அந்த ஆண்டின் 13-ஆம் முன்மொழிவு சொத்து வரிக்கு உச்சவரம்பு கட்டியது. கவுன்டிகள் மாநிலத்தை எதிர்பார்த்து நிற்க ஆரம்பித்தன. கூட்டாட்சி அரசின் பணமோ பெரும்பாலும் நோய்வாரியாக முத்திரை குத்தி வருகிறது: காசநோய்க்கு இவ்வளவு, எச்ஐவிக்கு இவ்வளவு. ஒன்றுக்கு வந்த காசில் இன்னொன்றுக்கு ஆள் போட முடியாது. 2008 வீழ்ச்சி மிச்சத்தையும் அரித்தது. ஏபி செய்தி நிறுவனமும் கைசர் ஹெல்த் நியூஸும் 2020-ல் போட்ட கணக்குப்படி, அமெரிக்கா முழுக்க மாநில, உள்ளூர் பொதுச் சுகாதாரத் துறைகளில் அந்த வீழ்ச்சிக்குப் பின் குறைந்தது 38,000 வேலைகள் காணாமல் போயின. 2010-லிருந்து உள்ளூர்த் துறைகள் தலைக்குச் செய்யும் செலவு 18% குறைந்தது.

எங்க துறையில் ஒரு பேச்சு உண்டு: ஒரே ஒரு ஆளை நம்பி ஓடும் சிஸ்டம் ஏற்கெனவே உடைந்த சிஸ்டம். ராத்திரி மூணு மணிக்கு எழுந்து சர்வரைக் காப்பாற்றுபவரைப் பாராட்டலாம், தப்பில்லை. ஆனா மறுநாள் கேட்க வேண்டிய கேள்வி, ஏன் அவர் ஒருத்தர் மட்டும் என்பது. லூயிஸ் பாராட்டோடு நிறுத்திக்கொள்கிறார். கடைசியில் டீன் அரசு வேலையை விட்டுத் தனியார் கம்பெனி தொடங்குகிறார். புத்தகம் இதை ஒரு வழி திறந்த மாதிரி எழுதுகிறது. எனக்கு இது, பொதுத் துறை தன் திறமைசாலியை இழந்த கதையாகத்தான் தெரிகிறது.

புத்தகம் வந்த பிறகு நடந்ததையும் பாருங்க. 2022-ல் கலிஃபோர்னியா பொதுச் சுகாதாரத்துக்கு ஆண்டுதோறும் 30 கோடி டாலர் ஒதுக்கியது. அதில் சுமார் 20 கோடி உள்ளூர்த் துறைகளுக்கு. உள்ளூர்ப் பங்கில் குறைந்தது 70% ஆட்களை நியமிக்கவே செலவாகணும் என்று நிபந்தனை. உருப்படியான காரியம். இரண்டே வருஷம். 2024 மே மாதம் பற்றாக்குறையைக் காட்டி, அந்த 30 கோடியை மொத்தமாகவே நீக்க ஆளுநர் நியூசம் முன்மொழிந்தார். சட்டமன்றம் ஒத்துக்கொள்ளாததால் பெரும்பகுதி தப்பியது. இந்தச் சண்டையில் தோட்டக் கத்தரி இல்லை, அதனால் யாரும் புத்தகம் எழுத மாட்டார்கள்.

புத்தகத்தைக் கட்டாயம் படிங்க. கலிஃபோர்னியாவில் இருக்கும் நண்பர்களுக்கு மட்டும் இன்னொரு வேண்டுகோள்: ஜூலை 1-ல் புது நிதியாண்டு தொடங்குகிறது, அதுக்கு முன்னாடி உங்க கவுன்டி போர்டு பட்ஜெட் கூட்டம் போடும். யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம். சுகாதாரத் துறையில் நிரப்பாத பணியிடம் எத்தனை, எவ்வளவு நாளாக என்று கேளுங்க.