கதல்: ஸ்ரீநகரின் பாலப் பெயர்களும் நினைவின் இலக்கியமும்

காஷ்மீரி மொழியில் 'கதல்' என்னும் சொல்லுக்குப் பாலம் என்பது பொருள். இதன் நடுவிலுள்ள மெய் பல்லொலியாகும். ஆங்கில எழுத்துவழியே தமிழுக்கு வரும்போது இது 'கடல்' எனத் திரிந்துவிட இடமுண்டு. திரிந்தால் பாலம் கடலாகிவிடும். ஒரு மெய்யொலியால் ஊரின் அடையாளமே மாறிப்போகும் இந்நிலை, அவ்வூரைப் பற்றிய எழுத்துகளை மதிப்பிடும்போது பெயர்களுக்கு எவ்வளவு கவனம் தேவை என்பதைக் காட்டுகிறது.

ஸ்ரீநகரை ஊடறுத்துச் செல்லும் ஜீலம் ஆற்றின் மேல் நெடுங்காலமாக இருந்த பாலங்கள் ஏழு. நீரோட்டத்தின் திசையில் அவை அமீரா கதல், ஹப்பா கதல், ஃபதே கதல், ஜைனா கதல், ஆலி கதல், நவா கதல், ஸஃபா கதல் என வரிசையாக அமைந்துள்ளன. இப்பெயர்கள் இன்று பாலத்தை மட்டும் குறிப்பனவல்ல. பாலத்தின் இருகரையிலும் வளர்ந்த குடியிருப்புகளுக்கும் அவையே பெயராயின. ஒருவர் தம்மை 'ஸஃபா கதல்காரர்' எனக் கூறுங்கால், அவர் சுட்டுவது மரத்தாலோ காங்கிரீட்டாலோ ஆன கட்டுமானத்தை அன்று. தெருவையும் படித்துறையையும் சுற்றத்தையும் சேர்த்தே சுட்டுகிறார்.

ஆறும் அதன் பெயரும்

ஜீலத்தின் வடமொழிப் பெயர் விதஸ்தா. காஷ்மீரியில் அது 'வியெத்' என வழங்குகிறது. கிரேக்கர் குறித்த ஹைடாஸ்பெஸ் என்பதும் இதன் திரிபே. நீலமத புராணம் இவ்வாற்றைப் பார்வதியின் வடிவமாகக் கூறுகிறது. புரட்டாதி (பாத்ரபத) மாத வளர்பிறைப் பதின்மூன்றாம் நாளை ஆற்றின் பிறந்தநாளாகக் கொண்டாடும் 'வியெத் துருவா' என்னும் வழக்கம் பண்டிதர் சமூகத்தில் உண்டு. 12ஆம் நூற்றாண்டில் கல்ஹணர் இயற்றிய இராஜதரங்கிணி, இரண்டாம் பிரவரசேனன் விதஸ்தாவின் மேல் பெரும்பாலம் ஒன்றை அமைத்தான் என்றும், படகுப் பாலம் அமைக்கும் முறை அதன் பின்னரே அறியப்பட்டது என்றும் கூறுகிறது.

ஆற்றங்கரைப் படித்துறைக்குக் காஷ்மீரியில் 'யார்பல்' என்பது பெயர். 'யார்' என்பது நட்பையும், 'பல்' என்பது இடத்தையும் குறிப்பதாக விளக்குவர். நீரெடுக்க வந்த பெண்கள் கூடிப் பேசிய இடமாதலின் இவ்விளக்கம் மக்களுக்கு உவப்பாயிற்று.

வரலாறும் மக்கள் விளக்கமும்

ஏழு பெயர்களுள் பெரும்பாலானவை ஆட்சியாளர் பெயர்களே. ஜைனா கதல் 15ஆம் நூற்றாண்டின் சுல்தான் ஜைனுல் ஆபிதீனையும், ஆலி கதல் அவருக்கு முன் ஆண்ட அலி ஷாவையும், அமீரா கதல் ஆப்கானிய ஆளுநர் அமீர் கானையும் நினைவூட்டுவன. ஸஃபா கதல் முகலாய ஆளுநர் ஸைஃப் கானின் பெயரால் 17ஆம் நூற்றாண்டில் எழுந்தது. 'ஸைஃப்' என்றால் வாள். 'ஸஃபா' என்றால் தூய்மை. மக்கள் நாவில் வாள் தூய்மையாக மாறிவிட்டது. அதே நூற்றாண்டில் எழுந்த நவா கதலுக்குப் 'புதுப்பாலம்' என்பது பொருள். முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அது புதுப்பாலமாகவே இருந்து வருகிறது.

ஹப்பா கதல் இவற்றுள் தனிக்கவனத்துக்குரியது. 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஹபீப் ஷா என்பவர் பெயரால் இது அமைந்தது என்பது வரலாற்றாசிரியர் கூற்று. மக்கள் மரபோ இதனைக் கவியரசி ஹப்பா காத்தூனோடு இணைக்கிறது. அவருடைய கணவராக மரபு கூறும் யூசுப் ஷா சக் அரியணை ஏறியது 1579இல். பாலமோ அதற்கு முற்பட்டது. ஆகவே மக்கள் விளக்கம் காலக்கணக்கோடு பொருந்தவில்லை.

இதனைப் பிழை எனத் தள்ளுவது எளிது. ஆயின், அப்பிழை ஏன் நிலைத்தது என்பதே திறனாய்வு எழுப்ப வேண்டிய வினா. யூசுப் ஷாவை அக்பர் சிறைப்படுத்திப் பின் பீகாருக்கு அனுப்பினார். கணவனைப் பிரிந்த ஹப்பா காத்தூனின் பாடல்களாக வழங்குவன காஷ்மீரி மக்களின் வாய்மொழியில் வாழ்கின்றன. ஒரு சுல்தானின் பெயரை மறந்து பிரிவைப் பாடிய பெண்ணின் பெயரை அப்பாலத்துக்கு ஏற்றிய சமூகம், எதனை நினைவிற்கொள்வது என்பதைத் தானே தெரிந்தெடுத்திருக்கிறது. அவ்வகையில் மக்கள் விளக்கம் வரலாற்றைப் பற்றிய ஒரு மதிப்பீடாகும்.

கலையில் ஆறு

வெளியிலிருந்து வந்த கலை பெரிதும் தால் ஏரியையே நாடிற்று. 1964இல் வெளிவந்த 'காஷ்மீர் கி கலி' முதலிய இந்தித் திரைப்படங்களில் ஷிகாரா படகும் ஏரியும் காதலுக்குப் பின்னணியாயின. உள்ளூர் நினைவோ ஆற்றையும் பாலத்தையும் சார்ந்தது. காஷ்மீரிக் கவிஞர் தீனாநாத் நாதிம், ஓவியரும் கவிஞருமான குலாம் ரசூல் சந்தோஷ் ஆகிய இருவரும் ஹப்பா கதல் பகுதியில் பிறந்தவர்கள். ஒருவர் பண்டிதர், ஒருவர் முஸ்லிம். ஏரி காட்சிக்குரியது, பாலம் நாள்தோறும் கடப்பதற்குரியது. இவ்வேறுபாட்டை உணராத எழுத்து, ஊரைப் பற்றியதாக இருப்பினும் ஊராருடையதாகாது.

ஆகா ஷாஹித் அலியின் ஆங்கிலக் கவிதைகள் இங்கு நல்ல சான்றாகின்றன. 'போஸ்ட்கார்டு ஃப்ரம் காஷ்மீர்' என்னும் கவிதையில் அஞ்சலட்டையில் காணும் ஜீலம், கண்ணால் காணப்போகும் ஜீலத்தினும் தூயதாக இருக்கிறது. நினைவு ஆற்றைக் கழுவிவிடும் என்பதைக் கவிஞரே அறிந்து கூறுவதால், அக்கவிதை வெற்று ஏக்கமாகச் சரிந்துவிடவில்லை. 1997இல் வந்த அவருடைய தொகுதியிலுள்ள ஒரு கவிதையில், இரவில் துரத்தப்படும் ஓர் உருவத்தின் ஓட்டம் ஜீரோ பிரிட்ஜில் தொடங்குகிறது. 1950களில் எழுந்த இப்பாலம் முதற்பாலமாகிய அமீரா கதலுக்கு மேற்புறம் அமைந்ததால் 'ஜீரோ' ஆயிற்று என்பர். கட்டியவர் செவிப்புலன் அற்றவர். செவிடரைக் குறிக்கும் 'ஜோர்' என்னும் காஷ்மீரிச் சொல்லே 'ஜீரோ' ஆயிற்று என்பாரும் உளர். ஆங்கிலக் கவிதையில் இப்பெயர் சூனியத்தை உணர்த்தி வலிமை பெறுகிறது. ஆனால் காஷ்மீரிச் செவியில் படும் செவிட்டுத்தன்மை அங்கு ஒலிப்பதில்லை. மொழி மாறும்போது நேரும் ஆதாயமும் இழப்பும் இவ்வொரு பெயரிலேயே அடங்கியுள்ளன.

1990க்குப் பின்

காவ் கதல் ஏழு பாலங்களுள் ஒன்றன்று. 'காவ்' என்பது பசுவைக் குறிக்கும் எளிய சொல். 1990 ஜனவரி 21இல் அங்கு ஊர்வலம் சென்றோர்மீது பாதுகாப்புப் படையினர் சுட்டதில் பலர் உயிரிழந்தனர். அதன்பின் அப்பெயர் இடப்பெயராக மட்டும் நிற்கவில்லை. ஒரு நாளின் பெயராகவும் ஆயிற்று. அதே ஆண்டில் பண்டிதர்கள் பெருந்தொகையினராகப் பள்ளத்தாக்கை விட்டு அகன்றனர். அவர்கள் செறிந்து வாழ்ந்த ஹப்பா கதல், ஜம்முவிலும் தில்லியிலும் இழந்த வீட்டின் பெயராயிற்று.

இதன் பின்னெழுந்த நினைவெழுத்துகளுட் சில ஹப்பா கதலை மட்டும் கேட்கின்றன. சில காவ் கதலை மட்டும் கேட்கின்றன. ஒவ்வொன்றும் தன்னளவில் உண்மையே. ஆயினும் ஒரு பெயரைக் கேட்க மற்றொன்றைக் கேளாதிருப்பது, இருகரையை இணைக்கும் பொருளுடைய 'கதல்' என்னும் சொல்லையே ஒரு கரையில் நிறுத்திவிடுவதாகும். படைப்பின் தரத்தை அளக்க இதனை ஓர் அளவுகோலாகக் கொள்ளலாம்.

முடிவுரை

பள்ளத்தாக்கிற்கு வெளியே வளரும் தலைமுறையிடம் காஷ்மீரியின் வழக்குக் குறைந்து வருகிறது. பொருள் அறியாது ஒலிக்கும் பெயர் வெறும் முகவரியாகிவிடும். ஆகவே ஸ்ரீநகர் இடப்பெயர்களைத் தொகுப்போர், கல்வெட்டும் நூலும் தரும் பிறப்பு, மக்கள் கூறும் விளக்கம், 1990க்குப் பின் ஏறிய பொருள் ஆகிய மூன்றையும் ஒரே பதிவின்கீழ் அருகருகே தருதல் வேண்டும். ஹபீப் ஷாவையும் ஹப்பா காத்தூனையும், ஊரை விட்டுச் சென்றோரையும் அங்கேயே மடிந்தோரையும் ஒருங்கே இடங்கொள்ளச் செய்யும் பதிவே அப்பாலங்களுக்கு உரிய பதிவாகும்.