ரமாபாய் மறுத்த பிரமாணம்

நிசேயா சங்கம் கூடி 1700 ஆண்டுகள் நிறைந்ததை 2025-இல் சபைகள் கொண்டாடின. அந்த உற்சாகத்தோடு, பல சபைகளில் வழக்கொழிந்துவிட்ட அத்தனாசியு விசுவாசப் பிரமாணத்தையும் திரும்ப ஆராதனையில் சொல்ல வேண்டும் என்று சிலர் வாதாடுகிறார்கள். இதைப் பிடித்துக்கொள்ளாதவர் தடுமாறுவார் என்பதற்கு அவர்கள் காட்டும் உதாரணம், இந்து சமயத்திலிருந்து கிறிஸ்தவத்துக்கு வந்த சமஸ்கிருத அறிஞர் பண்டிதா ரமாபாய். அதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

பிரமாணத்தின் சிறப்பை மறுக்கவில்லை. ஆள்தத்துவங்களைக் கலக்காமலும் தெய்வப்பொருளைப் பிரிக்காமலும் இரு பக்கமும் வேலி போட்டுத் திரித்துவத்தை இவ்வளவு கச்சிதமாகச் சொன்ன பழைய அறிக்கை வேறில்லை. அதன் பெயருக்குரிய அத்தனாசியு அதை எழுதவில்லை. அவர் கிரேக்கத்தில் எழுதியவர், இதுவோ அவர் காலத்துக்குப் பின் லத்தீனில் பிறந்தது. அதுகூடப் பெரிய குறையல்ல.

குறை அதன் வாசற்படியில் இருக்கிறது. இதை முழுதாகக் கைக்கொள்ளாதவன் நித்தியமாக அழிவான் என்ற மிரட்டலோடுதான் அது தொடங்குகிறது. முடிவிலும் அதே எச்சரிக்கை. நடுவில் இருப்பதோ ஆள், பொருள் என்ற நுட்பமான சொற்கணக்கு. 325-இல் நிசேயாவில் கூடியவர்களே ஊசியா, ஹைப்போஸ்டாசிஸ் என்ற இரு கிரேக்கச் சொற்களையும் ஒரே அர்த்தத்தில் வைத்துத்தான் தங்கள் அறிக்கையை மறுத்தவர்கள்மேல் சாபம் கூறினார்கள். அவற்றைப் பிரித்து, 'ஓர் ஊசியா, மூன்று ஹைப்போஸ்டாசிஸ்' (ஒரே பொருள், மூன்று ஆள்கள்) என்று பேசும் வழக்கு பிற்பாடுதான் நிலைத்தது. அதாவது, பிற்கால அளவுகோலை அப்படியே வைத்தால் நிசேயாவின் பிதாக்களே பரீட்சையில் தவறுவார்கள்! அந்தச் சொற்கள் லத்தீனுக்குப் போய், ஆங்கிலத்துக்கு வந்து, மராத்தியிலும் தமிழிலும் வேறு சொற்களாக ஆன பிறகு, ஓர் ஆத்துமாவின் நித்தியத்தை அவற்றில் எப்படித் தொங்கவிடுவது?

இந்தப் பிரமாணத்தை ரமாபாய் ஏற்காததற்கு நுட்பம் புரியாததே காரணம் என்பது அநியாயம். பாகவதத்தை மனப்பாடமாகச் சொன்னவர், 1878-இல் கல்கத்தாப் பண்டிதர்கள் 'சரஸ்வதி' என்று பட்டம் கொடுத்தவர். ஒன்றும் பலவும் பற்றிய தர்க்கம் அவருக்குத் தாய்ப்பால். 1883-இல் இங்கிலாந்தின் வாண்டேஜில் ஞானஸ்நானம் பெற்ற அவர், அடுத்த சில ஆண்டுகளில் அங்கிருந்த கன்னிமடத்துச் சிஸ்டர் ஜெரால்டினுக்கும் கல்லூரி முதல்வர் டோரதியா பீலுக்கும் எழுதிய கடிதங்களைப் படித்துப் பாருங்கள். திரித்துவத்தில் அவருக்குச் சந்தேகங்கள் இருந்தன, உண்மை. ஆனால் அவற்றினூடே திரும்பத் திரும்ப ஒலிப்பது மனச்சாட்சியின் சுதந்திரம். புரோகிதரின் அதிகாரத்தை விட்டு வந்த ஒருத்தியிடம் குருமாரின் அதிகாரத்தை நீட்டியபோது அவர் கைநீட்டவில்லை. தடுமாற்றம் என்கிறார்களே, இது நேர்மை.

சந்தேகித்த அதே பெண்தான் புனேயில் விதவைகளுக்காகச் சாரதா சதனை நடத்தினார், கேட்காவில் முக்தி மிஷனைக் கட்டினார். 1905-இல் அங்கேதான் பரிசுத்த ஆவியின் எழுப்புதல் பரவியது. எபிரெயமும் கிரேக்கமும் கற்று வேதாகமத்தை எளிய மராத்தியில் பெயர்த்து முடித்து, 1922-இல் கண்மூடினார். இவரையா அழிவின் பட்டியலில் சேர்ப்பது?

நிசேயாவின் சாபவாக்கியமும் இன்று நாம் ஞாயிறுதோறும் சொல்லும் அறிக்கையில் இல்லை. சபை அதை விட்டுவிட்டுத்தான் விசுவாசத்தைக் காத்தது. திரித்துவ ஞாயிறன்று அத்தனாசியு பிரமாணத்தை வாசிக்க விரும்பும் போதகர்களே, நடுப்பகுதியை வாசியுங்கள். அந்த மிரட்டல் வரிகளை மட்டும் விட்டுவிடுங்கள்.